கடைசி மேசைக்கும் புள்ளி தெரிய வேண்டும்

தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர் ஒரு நாளில் மாணவர்களுக்குக் காட்ட விரும்பும் பொருள்களை எழுதி வைத்தால், பாதிக்குமேல் கணினிக்குள் இருக்காது. மாணவி எழுதிவந்த கட்டுரை நோட்டு, பாடநூலின் நடுப்பக்கத்துப் படம், தோட்டத்து ஓரத்தில் பொறுக்கிய செம்பனைப் பழம், பாகைமானியைக் கோணத்தின் முனையில் பொருத்தும் விதம், 'ண' எழுதும்போது கை எங்கே தொடங்கி எத்தனை முறை சுழிகிறது என்பது. எல்லாமே மேசைமேல் நடப்பவை. முப்பது பிள்ளைகள் மேசையைச் சூழ்ந்து நின்றால் முன்வரிசையில் நிற்கும் ஐந்தாறு பேருக்குத் தெரியும். மற்றவர்கள் முதுகைத்தான் பார்ப்பார்கள்.

ஆவணக் கேமரா இந்த ஒரு வேலைக்காகப் பிறந்தது. மேசையில் நிற்கும் ஒரு தண்டு, அதன் நுனியில் கீழ்நோக்கிப் பார்க்கும் சிறிய கேமரா, அங்கிருந்து கணினிக்கோ எல்சிடி என்று நாம் சொல்லும் ஒளிவீழ்த்திக்கோ போகும் ஒரு கம்பி. கேமராவின் கீழே எதை வைத்தாலும் அது அந்த நொடியே திரையில் பெரிதாகத் தெரியும். கடையில் விசுவலைசர் என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள்.

பந்திங், தெலுக் டத்தோ, ஜுக்ரா, கேரித் தீவு என்று மலேசியாவின் கோல லங்காட் மாவட்டத்தில் பரவியிருக்கும் தமிழ்ப்பள்ளிகளில் பல, ரப்பர் தோட்டத்திலும் செம்பனைத் தோட்டத்திலும் தொடங்கியவை. 150 மாணவருக்குக் குறைவாக இருந்தால் கல்வி அமைச்சு அதைக் குறைந்த மாணவர் பள்ளி என்று வகைப்படுத்துகிறது. அத்தகைய பள்ளியில் பெற்றோர் ஆசிரியர் சங்கம் பணம் திரட்டி ஒரு கருவி வாங்கினால், அடுத்த பல ஆண்டுகளுக்கு அந்த ஒன்றுதான். அதனால் விளம்பரத்தில் போட்டிருக்கும் எண்களில் எது வகுப்புக்கு உதவும், எது உதவாது என்பது வாங்கும் முன்பே தெரிந்திருக்க வேண்டும். சில நூறு வெள்ளிக்கும் கிடைக்கிறது, பல ஆயிரம் வெள்ளிக்கும் கிடைக்கிறது. விலை கூடினால் படம் தெளிவாகும் என்று சொல்வதற்கில்லை.

காகிதத்தில் உள்ளதை அப்படியே சுவரில் காட்டும் ஆசை பழையது. 1756 வாக்கில் கணித மேதை லியோனார்ட் ஆய்லர், ஒளி புகாத பொருளின் உருவத்தைத் திரையில் விழவைக்கும் கருவி ஒன்றைச் செய்து காட்டினார். அந்த வகைக் கருவிகளுக்கு நல்ல இருட்டறையும் சூடேறும் விளக்கும் தேவைப்பட்டன. பிறகு நம் ஆசிரியர்கள் பலருக்குப் பழக்கமான ஓஎச்பி என்ற மேல்நிலை ஒளிவீழ்த்தி வந்தது. வெளிச்சத்தில் தெரிந்தது, ஆனால் எதைக் காட்டுவதானாலும் முன்னிரவே கண்ணாடித்தாளில் எழுதிவர வேண்டும். மாணவனின் நோட்டை அதில் வைத்தால் கறுப்பு நிழல்தான் தெரியும். 1988இல் ஜெர்மனியின் ஃபோட்டோகினா கண்காட்சியில் ஆஸ்திரியாவின் வுல்ஃப்விஷனும் ஜப்பானின் எல்மோவும் இன்றைய ஆவணக் கேமராவின் முன்னோடிகளை அறிமுகப்படுத்தின. மலேசியப் பள்ளிகளில் இதற்கான பாதி வேலை 2003இல் முடிந்துவிட்டது. கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் பிபிஎஸ்எம்ஐ கொள்கை வந்தபோது மடிக்கணினியும் எல்சிடியும் பள்ளிகளுக்கு வழங்கப்பட்டன. 2009இல் கொள்கையைக் கைவிட முடிவெடுத்தார்கள். எல்சிடி வகுப்பறையில் நிலைத்துவிட்டது. அதோடு இணைக்கக் கேமரா ஒன்று இருந்தால் போதும்.

இனி எண்களுக்கு வருவோம். பெட்டியின்மேல் பெரிதாக அச்சிட்டிருப்பது துல்லியம்: 1080, 4கே, 8 மெகாபிக்சல், 13 மெகாபிக்சல். ஆங்கிலப் பக்கத்தை வைத்து இந்த எண்களை ஒப்பிட்டுச் சொல்லும் விற்பனையாளரின் பேச்சு நமக்குப் போதாது. தமிழ் எழுத்துக்கு ஒரு தனிச் சோதனை உண்டு. அது மெய்யெழுத்தின் புள்ளி. 'க' என்பதும் 'க்' என்பதும் ஒரு புள்ளியால் வேறுபடுகின்றன. அச்சுத் தமிழில் 12 பாயிண்ட் அளவுள்ள எழுத்துக்கு அந்தப் புள்ளியின் குறுக்களவு ஏறத்தாழ 0.4 மில்லிமீட்டர். அது திரையில் மறைந்தால், வலி மிகும் இடம் மிகா இடம் நடத்தும் ஆசிரியர் என்னதான் சொன்னாலும் பின்வரிசைப் பிள்ளைக்கு விளங்காது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1080 என்பது படத்தில் மேலிருந்து கீழாக 1,080 படப்புள்ளிகள் உள்ளன என்பதைக் குறிக்கும். ஏ4 தாளை நெட்டுவாக்கில் முழுதாகக் காட்டினால் 297 மில்லிமீட்டர் உயரத்தை அந்த 1,080 பங்கிட்டுக் கொள்கின்றன. ஒரு மில்லிமீட்டருக்கு 3.6 படப்புள்ளி. மெய்யெழுத்தின் புள்ளிக்குக் கிடைப்பது ஒன்றரை. அதை வெள்ளைத் தாளிலுள்ள அழுக்கு என்றே கண் எடுத்துக்கொள்ளும். அதே தாளின் மேல்பாதியை மட்டும் காட்டினால் ஒரு மில்லிமீட்டருக்கு ஏழுக்குமேல் கிடைக்கும், புள்ளிக்கு மூன்று. இப்போது அது புள்ளி என்று தெரியும். 'ன', 'ண' சுழி வேறுபாடும் 'ர', 'ா' வேறுபாடும் அப்படித்தான்.

4கே கேமரா இந்தச் சிக்கலைத் தீர்த்துவிடும் என்று தோன்றும். அதில் உயரவாக்கில் 2,160 படப்புள்ளிகள் இருப்பதால் முழுப் பக்கத்திலேயே மெய்ப்புள்ளிக்கு மூன்று கிடைக்கும். ஆனால் படம் கடைசியில் எல்சிடி வழியாகத்தான் சுவருக்குப் போகிறது. பள்ளிகளில் உள்ள பழைய எல்சிடி பல 1024க்கு 768 அளவுள்ளவை. கேமரா எத்தனை அனுப்பினாலும் அது 768ஆகக் குறுக்கித்தான் காட்டும். போதாததற்குக் கேமராவின் அகலப் படத்தை அந்தச் சதுரப்பாங்கான திரையில் போட்டால் மேலும் கீழும் கறுப்புப் பட்டை விழுந்து, படத்துக்கு 576 வரிதான் மிஞ்சும். அப்போது முழு ஏ4 பக்கத்தில் மெய்ப்புள்ளிக்கு ஒரு படப்புள்ளிகூடக் கிடைக்காது. கேமராவின் மென்பொருளில் 4:3 என்ற விகிதத்தைத் தேர்ந்தெடுத்தால் அந்தப் பட்டைகள் போய் முழு 768ம் கிடைக்கும். ஒரு காசு செலவில்லாத இந்த மாற்றத்தைப் பல பள்ளிகளில் யாரும் செய்வதில்லை.

அப்படியானால் 4கே வீணா? இல்லை. அதன் பயன் பெரிதாக்குவதில் இருக்கிறது. பெரிதாக்குதல் இரண்டு வகை. ஒன்று, லென்சே நகர்ந்து பெரிதாக்குவது. இதில் தெளிவு குறையாது, விலையுயர்ந்த கருவிகளில் இருக்கும். மற்றொன்று, கேமரா தான் எடுத்த படத்தின் நடுப்பகுதியை வெட்டி விரித்துக் காட்டுவது. 1080 கேமராவில் இப்படி விரித்தால் விரைவிலேயே எழுத்தின் ஓரம் மங்கும். 4கே கேமராவில் இரண்டு மடங்கு விரித்தாலும் 1080 தெளிவு மிச்சம் இருக்கும். மலிவான கருவி வாங்குகிறவர்களுக்கு 4கே உதவும் இடம் இதுதான். மலிவான 1080 கேமரா வைத்திருப்பவர்கள் இன்னொன்று செய்யலாம்: தண்டைத் தாழ்த்திக் கேமராவைத் தாளுக்கு அருகில் கொண்டுவரலாம். லென்சு எவ்வளவு கிட்டத்தில் தெளிவாகப் பார்க்கும் என்பதை மட்டும் முன்பே சோதித்துக்கொள்ள வேண்டும்.

முத்து நெடுமாறன் 1985இல் முரசு என்ற தமிழ் மென்பொருளை உருவாக்கிய காலத்துக் கணினித் திரைகளில் படப்புள்ளிகள் மிகவும் குறைவு. அந்தக் கொஞ்ச இடத்துக்குள் சுழியையும் புள்ளியையும் அடக்கித்தான் தமிழ் எழுத்து திரைக்கு வந்தது. நாற்பது ஆண்டுக்குப் பிறகு கேமரா வழியாகக் காகிதத்துத் தமிழைத் திரைக்குக் கொண்டுவரும்போது அதே கவனம் மறுபடியும் தேவைப்படுகிறது.

படப்புள்ளிக் கணக்கு சரியாக இருந்தாலும் தூரம் என்று ஒன்று இருக்கிறது. கண் மருத்துவரிடம் ஆறு மீட்டரில் நின்று படிக்கச் சொல்லும் அட்டையில், 6/6 வரியின் எழுத்து ஏறத்தாழ 9 மில்லிமீட்டர் உயரம். எட்டு மீட்டருக்கு அது 12 ஆகும். நல்ல கண் தட்டுத் தடுமாறிப் படிக்கும் எல்லை அது. சிரமமில்லாமல் படிக்க அதைப்போல் இரண்டு மடங்காவது வேண்டும். திரையில் படத்தின் உயரம் 1.2 மீட்டர் என்று கொண்டால், முழு ஏ4 பக்கத்தைக் காட்டும்போது எல்லாம் நான்கு மடங்கு பெரிதாகிறது. நோட்டில் இரண்டரை மில்லிமீட்டர் உயரமுள்ள எழுத்து சுவரில் 10 மில்லிமீட்டர். எட்டு மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு அது கோடு. பாதிப் பக்கம் காட்டினால் 20, கால் பக்கம் காட்டினால் 40. பார்வைக் குறை இருந்தும் இன்னும் கண்ணாடி போடாத பிள்ளை எந்த வகுப்பிலும் இருக்கக்கூடும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். ஆகவே எந்தக் கேமராவானாலும் ஒரு நேரத்தில் ஒரு பத்தியைக் காட்டுங்கள், பக்கத்தைக் காட்டாதீர்கள். வாரக் கடைசியில் மண்டபத்தில் நூறு பேரை உட்காரவைத்து எஸ்பிஎம் தேர்வு வகுப்பு நடத்துகிறவர்களுக்கு இது இன்னும் கறாரான விதி.

அடுத்தது குவியம். படம் தெளிவதற்கு லென்சு தன்னைத் தானே சரிசெய்துகொள்வதைத் தானியங்கிக் குவியம் என்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. எழுத்துப் பயிற்சி நடக்கும்போது அதுவே தொல்லை. ஆசிரியையின் கை தாளுக்கு மேலே வந்ததும் கேமரா கையைப் பார்க்கத் தாவும், எழுத்து மங்கும். கை விலகியதும் மறுபடி தாளுக்குத் திரும்பும். இடையில் ஒன்றிரண்டு நொடி படம் மங்கித் தெளியும். நான்கு வரி எழுதுவதற்குள் பிள்ளைகளின் கண் களைத்துவிடும். இதற்கு மருந்து குவியத்தைப் பூட்டுவது. தாளை வைத்து ஒருமுறை தெளிவாக்கிவிட்டுப் பூட்டிவிட்டால் கை வந்து போனாலும் லென்சு அசையாது. மென்பொருளிலோ கேமரா தலையிலோ இதற்கொரு பொத்தான் இருக்க வேண்டும். பூட்ட முடியாத கேமரா என்றால், என் கருத்தில், 8 மெகாபிக்சல் ஆனாலும் தமிழ் வகுப்புக்கு வாங்கக் கூடாது. பழம், பூச்சி, சிப்பி என்று உயரம் மாறும் பொருள்களை அடுத்தடுத்துக் காட்டும் அறிவியல் பாடத்துக்குப் பூட்டைத் திறந்துவிட்டால் போதும்.

வெளிச்சத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கேமரா சரியில்லை என்று அலமாரிக்குள் போன கருவிகளில் பலவற்றுக்குக் குறை கேமராவில் இருந்திருக்காது, விளக்கில் இருந்திருக்கும்.

பாடநூல் தாள் வழவழப்பானது. கேமரா தலையிலேயே பொருத்தியுள்ள சிறு விளக்கைப் போட்டால் அந்த ஒளி தாளில் பட்டு நேராக லென்சுக்கே திரும்பும். திரையில் பக்கத்தின் நடுவே வெள்ளை வட்டம் விழுந்து, அதன் கீழுள்ள எழுத்து காணாமல் போகும். கேமரா விளக்கை அணைத்துவிட்டு, பக்கவாட்டில் ஒரு மேசைவிளக்கைச் சாய்வாக வையுங்கள். ஒளி எதிர்ப்பக்கம் போய்விடும், லென்சுக்கு வராது. இரண்டு பக்கமும் இரண்டு விளக்கு இருந்தால் கையின் நிழலும் விழாது.

தொடக்க ஆண்டுப் பிள்ளைகள் பென்சிலில் எழுதுகிறார்கள். பென்சில் எழுத்து கேமராவுக்குக் கடினமான பொருள். சாம்பல் நிறம், மெல்லிய கோடு, விளக்குக்கு நேரே பிடித்தால் பளபளக்கும். இதில் கேமராவின் இன்னொரு குணமும் சேர்ந்துகொள்ளும். எதைக் காட்டினாலும் அதன் சராசரி வெளிச்சத்தை நடுத்தரச் சாம்பலாக்கப் பார்ப்பது கேமராவின் இயல்பு. திரை நிறைய வெள்ளைத் தாள் இருந்தால் அது அளவுக்கு மீறிய வெளிச்சம் என்று எண்ணிப் படத்தை இருட்டாக்கும், தாள் மழைநாள் நிறத்தில் தெரியும். கறுப்பு மேசையில் சிறிய நோட்டை வைத்தால் எதிர்மாறு நடக்கும். சுற்றியுள்ள கறுப்பைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டும், தாள் வெளுத்துப் பென்சில் கோடு அதில் கரைந்துவிடும். முன்னதற்கு ஒளியளவை ஒரு படி கூட்டுங்கள், பின்னதற்கு ஒரு படி குறையுங்கள். அல்லது மேசைமேல் வெளிர் சாம்பல் நிற அட்டை ஒன்றை நிரந்தரமாக ஒட்டிவிடுங்கள். நோட்டை எங்கே வைக்க வேண்டும் என்று அதிலேயே கோடு போட்டுவிட்டால், ஒவ்வொரு பக்கமும் ஒரே இடத்தில் நேராக விழும்.

திரையில் மங்கலான பட்டைகள் மெல்ல மேலேறிக்கொண்டே இருந்தால் அது பழுது இல்லை. மலேசியாவில் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி. குழல்விளக்கும் மலிவான எல்இடி விளக்கும் அதற்கேற்ற தாளத்தில் துடிக்கின்றன. கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். தைவானிலும் அமெரிக்காவிலும் 60 சுழற்சி. கேமரா அந்த 60க்கு அமைந்து வந்திருந்தால் நம் விளக்கோடு தாளம் ஒத்துப்போகாமல் பட்டை விழும். மென்பொருளின் அமைப்பில் 60 என்பதை 50 ஆக்கினால் நின்றுவிடும். மாற்றியும் நிற்கவில்லை என்றால் மேலே பாருங்கள். விளக்குக்குக் கீழே சுழலும் கூரை விசிறியின் இறக்கை ஒளியை வெட்டிக்கொண்டிருக்கும். அந்த ஒரு விளக்கை அணைத்துவிட்டு மேசைவிளக்கைப் பயன்படுத்தலாம். விசிறியை நிறுத்தச் சொல்ல மனம் வராது, பந்திங் வெக்கை அப்படி. காற்றில் பக்கம் புரளாமல் இருக்க இரண்டு கிளிப் போதும்.

கேமராவை நேர் செங்குத்தாகக் கீழே பார்க்கவைப்பதும் வெளிச்சத்தைப் போலவே முக்கியம். சாய்ந்து பார்த்தால் பக்கம் மேலே குறுகிக் கீழே விரியும், சதுரம் சரிவகமாகத் தெரியும். வடிவியல் பாடத்தில் இது பிழையையே கற்பிக்கும். அதனால் நுனி தனியாகத் திரும்பும் தண்டு வேண்டும். பாம்புபோல் வளையும் தண்டைவிட மூட்டு மூட்டாக மடங்கும் தண்டு உறுதியானது என்பது என் கணிப்பு. வளைதண்டு நாளடைவில் தலைப் பாரத்தில் தாழும், மேசையில் யாராவது கை ஊன்றினால் நெடுநேரம் ஆடும்.

வேலைத்திறன்களில் நான் முதலிடம் தருவது உறையவைத்தலுக்கு. ஒரு பொத்தானை அழுத்தினால் திரையில் உள்ள படம் அப்படியே நிற்கும். கேமராவின் கீழே நீங்கள் அடுத்த பக்கத்தைத் தேடலாம், நோட்டை மாற்றலாம், பிள்ளைகள் கண்முன் நின்ற கணக்கைச் செய்துகொண்டிருப்பார்கள். இன்னொரு நன்மையும் உண்டு. மாணவர் எழுதிய கட்டுரையைத் திருத்திக் காட்டும்போது திரையில் உள்ள படத்தை உறையவைத்துவிட்டு, பெயர் எழுதிய மேல்பகுதியை ஒரு தாளால் மறைத்து, அதன் பிறகே உறைவை நீக்கி நோட்டைத் திரையில் விடலாம். பிழை யாருடையது என்று வகுப்புக்குத் தெரியத் தேவையில்லை. நன்றாக எழுதிய நோட்டைப் பெயரோடு காட்டலாம், அதற்கும் அந்தப் பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு. தன் கையெழுத்து ஒரு மீட்டர் உயரத்தில் நிற்பதைப் பார்க்கும் பிள்ளைக்கு எழுத்தின்மேல் வரும் அக்கறை, சிவப்பு மையால் வராது. இந்தக் கருவிக்காக நான் இவ்வளவு எழுதுவதற்குக் காரணமே அதுதான்.

படத்தைத் திருப்பும் வசதி அடுத்தது. ஆசிரியர் மாணவர்களைப் பார்த்து உட்கார்ந்து எழுதினால், கேமரா எந்தப் பக்கம் நிற்கிறது என்பதைப் பொறுத்துத் திரையில் எழுத்து தலைகீழாகத் தெரியும். 180 பாகை திருப்பும் பொத்தான் இருந்தால், வகுப்புக்கு முதுகைக் காட்டாமலே எழுதலாம். வெண்பலகையில் எழுதும்போது ஆசிரியரின் தோள் எழுத்தை மறைக்கும். இங்கே சுழியின் தொடக்கம்முதல் முடிவுவரை எல்லாருக்கும் தெரியும். இடக்கையால் எழுதும் பிள்ளைகள் இருந்தால், அவர்களுக்காக ஒருமுறை இடப்பக்கத்திலிருந்து எழுதிக் காட்டுவதும் நல்லது.

நொடிக்கு எத்தனை படம் என்ற எண்ணையும் பெட்டியில் போட்டிருப்பார்கள். 30 இருந்தால் கை ஓட்டம் இயல்பாகத் தெரியும். ஆனால் அந்த 30 எப்போதும் கிடைப்பதில்லை. வெளிச்சம் குறைந்தால் கேமரா ஒவ்வொரு படத்துக்கும் கூடுதல் நேரம் எடுத்துக்கொண்டு எண்ணிக்கையைக் குறைக்கும், கை இழுபடுவதுபோல் தெரியும். கம்பியும் ஒரு காரணம். 1080 படத்தைச் சுருக்காமல் நொடிக்கு 30 முறை அனுப்ப ஏறத்தாழ ஆயிரம் மெகாபிட் வேண்டும், யுஎஸ்பி 2.0 கம்பியின் எல்லை 480. மென்பொருளில் எம்ஜேபெக் என்ற சுருக்க முறையைத் தேர்ந்தெடுத்தால் அந்தக் கம்பியிலேயே படம் ஓடும்.

திரைப்படத்தின்மேல் கோடு போடுவது, இரண்டு படத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது, காணொலியாகப் பதிவது ஆகியவை பெரும்பாலும் கூடவே வரும் மென்பொருளின் வேலை. கருவியோடு வரும் மென்பொருள் பிடிக்கவில்லை என்றால் இலவசமாகக் கிடைக்கும் ஓபிஎஸ் போதும். அச்சு எழுத்தைப் படித்துத் தட்டச்சாக மாற்றித்தரும் வசதி உண்டு என்று விளம்பரம் சொன்னால், தமிழைப் படிக்குமா என்று கேட்டுவிடுங்கள். கேமராவோடு வரும் மென்பொருளில் தமிழ் இல்லாவிட்டால், படத்தைச் சேமித்து, கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறந்தால் அது தமிழைப் படிக்கும். பதிவு செய்யும்போது கேமராவில் உள்ள ஒலிவாங்கி ஆசிரியர் குரலைவிட விசிறிச் சத்தத்தையும் தாள் உரசலையும் நன்றாகப் பிடிக்கும். சட்டையில் குத்தும் சிறு ஒலிவாங்கி வேண்டும்.

இணைப்பு இரண்டு வகை. யுஎஸ்பியில் இயங்கும் கேமராவுக்கு மடிக்கணினி கட்டாயம். அது விலை குறைவு, கணினி அதைச் சாதாரண வெப்கேம் என்று எடுத்துக்கொள்வதால் தனியாக எதையும் நிறுவ வேண்டியதில்லை. எச்டிஎம்ஐ உள்ள கேமரா கணினி இல்லாமலே எல்சிடியோடு பேசும். ஒரே மடிக்கணினியைப் பல வகுப்புகள் பங்கிட்டுக்கொள்ளும் சிறிய பள்ளிக்கு எச்டிஎம்ஐ உள்ளதே சரி. கொஞ்சம் கூடுதல் விலையானாலும் கணினி திறக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. எல்சிடி பழையதாக விஜிஏ துளையோடு இருந்தால், மாற்றிக் கருவி ஒன்று இடையில் வேண்டும். வெறும் கம்பியால் அந்த மாற்றம் நடக்காது. கம்பியில்லாமல் வைஃபையில் இயங்குவதும் உண்டு. படம் சற்றுப் பிந்தி வரும், கை நின்ற பிறகும் திரையில் எழுத்து ஓடிக்கொண்டிருக்கும். எழுதிக் காட்டும் வகுப்புக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

இவ்வளவும் வேண்டாம், கைப்பேசி போதாதா என்று கேட்பவர்கள் கேட்பது நியாயம். 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து பள்ளிகள் மூடியபோது, நாட்டில் பல ஆசிரியர்கள் அப்படித்தான் சமாளித்தார்கள். இரண்டு பக்கமும் புத்தகங்களை அடுக்கி, நடுவில் கைப்பேசியைக் குறுக்கே படுக்கவைத்து, கீழே தாளில் எழுதினார்கள். வீட்டில் பிள்ளைகள் அதைக் கூகுள் மீட்டில் பார்த்தார்கள். கைப்பேசிக் கேமராவின் தரம் பல மலிவான ஆவணக் கேமராவைவிட மேல். மேசை ஓரத்தில் திருகும் தாங்கி ஒன்று சில பத்து வெள்ளிக்குக் கிடைக்கும். ஆண்ட்ராய்டு 14 முதல் சில கைப்பேசிகள் யுஎஸ்பி கம்பியில் நேரே வெப்கேம் ஆகின்றன. ஐபோனும் மேக்கும் வைத்திருப்பவர்களுக்கு 2022 முதல் மேசைப்பரப்பைக் காட்டும் வசதியே இருக்கிறது. எப்போதாவது காட்டுகிறவருக்கு இது போதும். தினமும் நான்கு பாடவேளை ஓட்டினால் கைப்பேசி சூடாகும், மின்கலம் தீரும், வகுப்பு நடுவே வீட்டிலிருந்து வரும் வாட்ஸ்அப் செய்தி திரையில் விழும். ஆசிரியருக்கு அழைப்பு வந்தால் பாடம் நிற்கும். பயன்படுத்துவதானால் தொல்லை தராத நிலையில் வைத்துவிட்டு, பின்பக்கக் கேமராவையே பயன்படுத்துங்கள். முன்பக்கக் கேமரா சில செயலிகளில் எழுத்தைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடம் மாற்றிக் காட்டும்.

வாங்கப் போகும்போது கிள்ளானுக்குப் போனாலும் புக்கிட் பிந்தாங் லோ யாட் பிளாசாவுக்குப் போனாலும் கையோடு இரண்டு பொருள் கொண்டுபோங்கள்: வழவழப்புத் தாள் கொண்ட தமிழ்ப் பாடநூல் ஒன்று, பென்சிலில் எழுதிய நோட்டு ஒன்று. கடைக்காரர் காட்டும் வண்ணப்படத்தை ஒதுக்கிவிட்டு இவற்றை வைக்கச் சொல்லுங்கள். அரைப் பக்கம் தெரியும் அளவுக்குப் பெரிதாக்குங்கள். எட்டுப் பத்து அடி பின்னால் போய் நின்று 'ப்' என்ற எழுத்தின் புள்ளி தெரிகிறதா பாருங்கள். கடைத்திரை வகுப்புத் திரையைவிடச் சிறியது என்பதால் தூரமும் அந்த அளவுக்குக் குறைந்தால் போதும். திரும்பி வந்து தாளின்மேல் கையை ஆட்டிக்கொண்டே எழுதுங்கள், குவியம் தாவுகிறதா, பூட்ட முடிகிறதா. 50 சுழற்சி அமைப்பு எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். இணையத்தில் வாங்குவதானால் பொருளைத் திருப்பிக் கொடுக்க எத்தனை நாள் தருகிறார்கள் என்று பார்த்துவிட்டு, வந்த அன்றே வகுப்பறையில் இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள். ஐபீவோ, ஏவர், எல்மோ, எப்சன் என்று பெயர் எதுவானாலும் சோதனை இதுவே.

வாங்கிய பிறகு எங்கே வைப்பது என்பதையும் சங்கக் கூட்டத்திலேயே முடிவு செய்துவிட வேண்டும். 2021 டிசம்பர் வெள்ளத்தில் கோல லங்காட்டின் பகுதிகளும் மூழ்கின. தரையோடு இருக்கும் கீழ்த்தட்டு இதற்கு இடமில்லை. மூடிய பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டு வைத்தால் ஈரத்தால் லென்சில் பூஞ்சை பிடிக்காது. பொட்டலத்தை அவ்வப்போது மாற்றவும் வேண்டும். லென்சைச் சட்டை நுனியால் துடைக்காதீர்கள், சுண்ணாம்புத் தூள் ஒட்டியிருந்தால் கீறிவிடும். ஊதிவிட்டு மூக்குக்கண்ணாடித் துணியால் துடையுங்கள். தண்டை மடிக்கும்போது கம்பி மூட்டில் சிக்கி நசுங்குகிறதா என்று பார்ப்பது கருவியின் ஆயுளை நீட்டும். 4:3 விகிதம், 50 சுழற்சி, குவியப் பூட்டு ஆகிய மூன்று அமைப்பையும் ஒரு சிறு தாளில் தமிழில் எழுதிக் கேமரா அடிப்பாகத்தில் ஒட்டிவிடுங்கள். பொறுப்பாசிரியர் வேறு பள்ளிக்கு மாற்றலாகிப் போனாலும், மறுநாள் வரும் புதிய ஆசிரியர் யாரையும் கேட்காமல் பாடத்தைத் தொடங்கலாம்.